ரொறன்ரோ பார்க்க வந்தவர்கள்

என்னைச் சம்பளத்துக்கு எடுக்கலாமா என்று மக்டலீன் அக்கா கேட்டபோது என் கையில் பற்றீஸ் தட்டு இருந்தது. அன்று காலை அண்ணன் மகள் ஸ்டெபனியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயிலால் வந்த சனம் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் அண்ணன் வீட்டின் பின்வளவில், வாடகைக் கூடாரத்துக்குக் கீழே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மக்டலீன் அக்கா அண்ணனின் மனைவி, என் மச்சாள் கிளடிஸோடு வேலை செய்பவர். அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன்.

"உங்களைப் பற்றி கிளடிஸ் நல்லாச் சொன்னவ," என்றார். "என்ர மகளுக்கு ஒக்ரோபரிலை பிள்ளை கிடைக்கப்போகுது. ஸ்டெபனிக்குச் செய்த மாதிரி வந்து நிண்டு பாப்பியளோ? சும்மா வேண்டாம். என்ன குடுக்கிறதெண்டு கிளடிஸோடை கதைக்கிறன்."

"எனக்குத் தாறதை ஏன் கிளடிஸோடை கதைக்கிறியள்?"

அவர் கள்ளமில்லாமல் என்னைப் பார்த்தார். "அவைதானே ரிக்கற் போட்டு உங்களை எடுப்பிச்சவை. தம்பியையும் பேஸ்மென்ற் வேலைக்கெண்டு எடுப்பிச்சதாம். றிச்சர்ட் அண்ணை சொன்னவர்."

நான் தட்டை அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். குசினித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு யாரும் விமான ரிக்கற் போடவில்லை. நான் மன்னாரில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது. தம்பி றோய் நிலத்துக்கும் சுவருக்கும் ரைல் பதிக்கிறவன். எங்கள் மூத்த அண்ணன் றிச்சர்ட் கனடாவுக்குப் போனபோது றோய்க்கு மீசை அரும்பவில்லை. அதற்குப் பிறகு அவரை நாங்கள் போனில்தான் கண்டோம். அவரை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும், அப்படியே ரொறன்ரோவையும் பார்க்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சீட்டுக் கட்டினோம். எல்லோரும் வர முடியாதென்று றோய் பெண்சாதியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தான். இருந்ததிலேயே மலிவான விமானத்தில், இடையில் ஒரு நாட்டு விமான நிலையத்தில் நிலத்தில் துவாய் விரித்துப் படுத்து வந்தோம். காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்கள் எவை என்று றோய் வீடியோ பார்த்துப் பார்த்தே பாடமாக்கி வைத்திருந்தான். "கோடையிலை வாங்கோ. எல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுறன்," என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

நாங்கள் வந்த கிழமையே அவருடைய மகள் ஸ்டெபனிக்குப் பிள்ளை பிறந்தது. நான் சந்தோசமாகத்தான் பார்த்தேன். பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்த்தேன். தாய்க்கு மிளகு சீரகம் அரைத்துச் சரக்குக்கறி வைத்துக் கொடுத்தேன். இரவில் அழுதால் தூக்கி உலாத்தினேன். அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. என் சொந்த இரத்தம். யாரும் கேட்காமலே செய்திருப்பேன்.

றோயின் கதை வேறு. அவன் வந்து களைப்பு ஆறுவதற்குள் அண்ணன் அவனைக் கீழே பேஸ்மென்றுக்கு, நிலத்தடித் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ரைல் பெட்டிகள் ஏற்கெனவே கூரை முட்ட அடுக்கியிருந்தன. "சும்மா இருந்தால் உனக்கும் அலுப்படா," என்றார். நிலம் முடிந்ததும் குளியலறை. குளியலறையோடு குசினிச் சுவர். பேஸ்மென்றை வாடகைக்கு விடப்போகிறார்களாம். "வாற சனி ரவுணுக்குப் போவம்," என்று ஒவ்வொரு கிழமையும் அண்ணன் சொல்வார். சனி வந்தால் அவருக்கு வேலை வந்துவிடும். அந்தப் பகுதியில் வீட்டு வாசலில் பஸ் இல்லை, கார் இல்லாமல் ஒரு கடைக்கும் போக முடியாது. ஒரு கோடை முக்கால்வாசி போய்விட்டது. நாங்கள் பார்த்த ரொறன்ரோ ஒரு பலசரக்குக் கடையும் ஒரு கோயிலும்தான்.

விருந்தினர்கள் போனபிறகு, பின்வளவில் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த றோயிடம் மக்டலீன் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவன் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"விடுங்கோ அக்கா."

"எதை விடுறது?"

"இன்னும் கொஞ்ச நாள்தானே. போற நேரத்திலை ஏன் பிரச்சினை?"

"நாளைக்கு ரவுணுக்குப் போறம்," என்றேன். "நீ வராட்டி நான் தனியப் போவன்."

மறுநாள் விடிய எழும்பி, பாணுக்குள் மாசிச்சம்பல் வைத்துச் சுற்றி, போத்தலில் தண்ணீர் நிரப்பினேன். கிளடிஸ் தேநீர் போட வந்தவர் என் செருப்பையும் பையையும் பார்த்தார்.

"எங்கை மச்சாள் வெளிக்கிட்டிட்டியள்? பிள்ளையை ஆர் வாக்கிறது?"

"பிள்ளைக்குத் தாய் இருக்கிறா. அம்மம்மா நீங்கள் இருக்கிறியள்."

"அவர் எழும்பட்டும். ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போங்கோவன்."

"கேட்டிட்டுப் போக நான் சம்பளத்துக்கு வந்தனான் இல்லை," என்றேன். அவருடைய முகம் மாறியது. மக்டலீன் அக்கா என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று அவருக்கு அந்த நேரமே விளங்கியிருக்கும். கேத்திலை அடுப்பில் வைத்தார்.

றோயும் என்னோடு வெளிக்கிட்டான். ரயில் நிலையம் வரை நடந்தோம். பாதி வழியில் நடைபாதை முடிந்து புல் வந்தது, புல்லும் முடிந்து சரளைக்கல் வந்தது. எங்களைத் தாண்டிப் போன கார்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் நடந்து போகிறவர்களைக் காண்பது அவர்களுக்கு அபூர்வம்போல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ரிக்கற்றோடு நாள் முழுக்க ஓடலாம் என்பது றோய்க்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல், வருத்தம் ஒன்றும் இல்லாமல் நான் பூசையைத் தவறவிட்ட முதல் ஞாயிறு அது. கோபத்தில் அதுகூட மனதில் உறைக்கவில்லை.

ரொறன்ரோவின் அந்தப் பேர்போன உயரக் கோபுரத்தின் அடியில் போய் நின்றபோது பின்கழுத்து முதுகில் முட்டுமட்டும் தலையை நிமிர்த்தினோம். மேலே போக நீண்ட வரிசை. விலையைப் பார்த்துவிட்டு றோய் சிரித்தான்.

"மேலை ஏறினால் கோபுரம் தெரியாது அக்கா. கீழை நிண்டால்தான் தெரியும்."

அவன் அந்த நாட்டில் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்க்க என் ஆத்திரம் இன்னும் கூடியது. கரையோரமாக நடந்து, பெரிய வள்ளத்தில் ஏறித் தீவுக்குப் போனோம். ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்லை," என்று அவன் அதிசயப்பட்டான். மரத்துக்குக் கீழே இருந்து பாணைப் பிரித்தோம். எங்களைச் சுற்றி எத்தனையோ நாட்டுச் சனம், அவரவர் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தது. இவ்வளவுதான். இதைக் காட்ட அண்ணனுக்கு ஒரு பகல் கிடைக்கவில்லை.

மத்தியானம் அவர் போன் எடுத்தார்.

"எங்கை நிக்கிறியள்? இண்டைக்குக் குளியலறைச் சுவரை முடிக்கிறதெண்டெல்லோ இருந்தது. நாளைக்குக் குழாய்க்காரன் வாறான்."

நான் போனை நிறுத்திவிட்டேன். வாழ்க்கையில் அண்ணன் கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது அவர் ஸ்ரௌவ்வில் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் காருக்கு வெளியே நின்றார். வெயில் இன்னும் இருந்தது. எங்களோடு இறங்கிய சனம் அவரவர் கார்களில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆரைக் கேட்டு வெளிக்கிட்டனீங்கள்?" என்றார். "பிள்ளை பகல் முழுக்கக் கத்தினது. ஸ்டெபனி அழுதுகொண்டிருக்கிறாள்."

"ஆரைக் கேட்டு எங்களுக்கு ரிக்கற் போட்டதெண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"அது சனத்தோடை கதைக்கேக்கை ஏதோ வாயிலை வந்திருக்கும். அதுக்கு இப்ப என்ன?"

"என்னை மற்ற வீடுகளுக்கும் அனுப்பப் பாத்ததும் வாயிலை வந்ததோ?"

"உதவியெண்டு கேட்டிருப்பினம். நீ உதைப் பெரிசாக்காதை."

"நாங்கள் நாலு வருசம் வயித்தைக் கட்டி வந்தனாங்கள். இவன் றோய் பெண்சாதி பிள்ளையளை விட்டிட்டு வந்தவன். உங்கட கூட்டாளியளுக்கு முன்னாலை நாங்கள் நீங்கள் எடுப்பிச்ச வேலைக்காரர். அப்பிடித்தானே?"

அப்போது அவருக்கும் கோபம் வந்தது. காரின் கூரையில் கையால் அடித்தார்.

"அப்ப நானும் சொல்லுறன், கேள். அங்கை வீட்டுக்குக் கூரை போட்டது ஆர்? அம்மாவின்ர ஆஸ்பத்திரிச் செலவு ஆற்றை? நீ படிச்சு முடிச்சது ஆற்றை காசிலை? இஞ்சை ரண்டு வேலை செய்தனான். பனியிலை பஸ்சுக்கு நிண்டு கால் விறைச்சு, காரிலை படுத்து எழும்பி அடுத்த வேலைக்குப் போனனான். அப்பவெல்லாம் ஆராவது எனக்கு ஊர் காட்டினவையோ?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. என்ன கத்தினாலும் ஊரில் அவர் போட்ட அந்தக் கூரைக்குக் கீழேதான் நான் இன்னும் படுத்து எழும்புகிறேன்.

றோய்தான் பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, நீங்கள் அனுப்பினதை நாங்கள் ஒருநாளும் மறக்கேல்லை. றோய், பேஸ்மென்றுக்கு ரைல் பதிக்க வாடா எண்டு கேட்டிருந்தாலும் வந்திருப்பன். ஒரு சொல்லும் சொல்லாமல் வந்திருப்பன். ஊர் பாக்க வா எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அண்ணன் காரின் கூரையிலிருந்து கையை எடுத்தார்.

"என்ர சின்னவள் ஒவ்வொரு நாளும் போனிலை கேக்கிறாள். அப்பா, இண்டைக்கு என்ன பாத்தனீங்கள் எண்டு. சொல்ல ஒண்டுமில்லாமல் நான் பொய் சொன்னனான் அண்ணை. அந்தக் கோபுரத்திலை ஏறினதெண்டுகூடச் சொல்லிப்போட்டன்."

அவனுடைய முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்திருக்க மாட்டார். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் அதற்குக் காத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் கார்க் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ. சுவரை முடிச்சிட்டு எங்கையெண்டாலும் போங்கோ."

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் புனிதவதி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். வந்த நாளிலிருந்து, ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போங்கோ என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் ஓட நேரமில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். காரின் பின் இருக்கையில் இருந்தபடியே அவளுக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்கட்டும் என்று உரத்தே பேசினேன். அவளுடைய புருசன் குலசிங்கம் வான் வண்டியில் வந்து ஏற்றுவார் என்றாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

நான் மேலே உடுப்புகளை மடித்து அடுக்கும்போது றோய் கீழே போனான். பாதிச் சுவர்தான் பதித்திருந்தது. எடுத்த வேலையை அரைகுறையில் விட்டுப் போகிறவன் இல்லை அவன். செத்தவீடென்றாலும் மிச்சத்தை முடித்துவிட்டுத்தான் போவான். அன்று சுவரை அப்படியே விட்டு, சாந்துக் கரண்டியையும் வாளியையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏறி வந்தான். கிளடிஸ் வாசல்வரை வந்து, "பக்கத்து வீட்டுச் சனம் பாக்குது மச்சாள்," என்றார். நான் பிள்ளையின் அறைக்குள் போய் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வந்தேன். ஸ்டெபனி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லவில்லை.

புனிதவதியின் வீடு மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் இரண்டு அறை. எங்களுக்கு ஒன்றைத் தந்துவிட்டு அவளும் புருசனும் பிள்ளைகளோடு மற்றதற்குள் நெருங்கிப் படுத்தார்கள். அவள் பேக்கரி வேலை முடித்து வந்தபிறகு எங்களை பஸ்ஸில் ஏற்றி இறக்கி எல்லா இடமும் காட்டினாள். நல்லாகத்தான் இருந்தது. ஆனால் சந்தைக்குள் நடக்கும்போதும், ஏரிக்கரையில் கால் நனைக்கும்போதும், அண்ணனோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் விட்ட மறுமொழிகள் ஒவ்வொன்றாக வந்தன. வராமல் போனது தூக்கம்.

நாங்கள் வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டெபனி பிள்ளையோடு வந்தாள். கதவைத் திறந்ததும் அழத் தொடங்கினாள்.

"மாமி, ஐ டிடின்ட் நோ. நீங்களே பிள்ளை பாக்க ஆசைப்பட்டுக் கேட்டு வந்தனீங்கள் எண்டுதான் அப்பா சொன்னவர். உங்களை அப்பிடி நான் ஒருநாளும்... ஐ ஸ்வெயர், மாமி."

"உன்னிலை எனக்குக் கோபமில்லை," என்றேன். அது பொய்யில்லை. பிள்ளையை வாங்கிப் பார்த்தேன். பாரம் கூடியிருந்தது. கழுத்து மடிப்பில் ஈரம் நின்று சிவந்திருந்தது. எப்படித் துடைக்கவேண்டும் என்று அவளுக்குக் காட்டினேன். றோய் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான்.

"அப்பா கீழை காரிலை இருக்கிறார்," என்றாள் ஸ்டெபனி. "உங்கள் ரண்டு பேரையும் ஒருக்கா வரட்டாம்."

"ஏன், அவருக்கு மேலை வர ஏலாதோ?"

"ஹீ இஸ் எம்பரஸ்ட், மாமி."

"வெக்கமெண்டால் வெக்கத்தோடை வரட்டும். லிப்ற் வேலை செய்யுது."

அவள் போனில் அவருக்கு எழுதினாள். நாங்கள் காத்திருந்தோம். புனிதவதி தேநீர் போட்டு, அவருக்கென்று ஒரு கோப்பையையும் எடுத்து வைத்தாள். நடைபாதையில் லிப்ற் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் றோய் கதவைப் பார்த்தான். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் வந்து போனார்கள். பல்கனியால் எட்டிப் பார்த்தேன். காரின் கூரை தெரிந்தது. ஒரு கதவு திறந்தது. அவர் இறங்கி, கட்டடத்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஸ்டெபனியின் போன் முணுமுணுத்தது. அவளை இறங்கி வரச் சொல்லியிருந்தார். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, என்னை ஒருமுறை கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள்.

"நான் ஒருக்கா இறங்கிப் போய்ப் பாக்கட்டோ அக்கா?" என்று றோய் கேட்டான்.

"விருப்பமெண்டால் போ. நான் மறிக்கேல்லை."

அவன் செருப்பைப் போட்டான். கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சோபாவில் இருந்தான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆத்திரம் தீருமட்டும் அழுதேன். வெளியே வந்தபோது கீழே கார் இல்லை.