ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி

பிள்ளை பெற்று ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், தன் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? வயிறு எரியாதா? சார்ட் அக்காவுக்கு எரிந்தது. பற்றிக்கொண்டு எரிந்தது.

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டியூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக அவள் போட்டதுதான் சட்டம். அதனால்தான் அந்தப் பெயர். அவள் லீவில் போனபோது பதிலாக வந்தவள் ஒரு சின்னப் பெண். துறுதுறுவென்று இருந்ததால் டிரைவர்கள் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்தார்கள். லீவு முடிந்ததும் போய்விடுவாள் என்றுதான் பேச்சு. எங்கே போனாள்? மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "மேலிடத்துல ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க. சார்ட்டுக்கு ஒருத்தர் போதுமாம். ரெண்டு வாரம் உங்க ரெண்டு பேர் வேலையையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார்.

அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே டிரைவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் போலிருந்தது. "சிட்டு, எனக்கு வியாழக்கிழமைய மாத்திக் குடும்மா" என்று அங்கேதான் போய் நின்றார்கள். ஒன்பது வருஷம் இவளிடம் பல்லிளித்த மீசைக்காரர்கூட! நன்றி கெட்ட ஜென்மங்கள்.

அந்தப் பெண் கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. விடிகாலை டியூட்டியையெல்லாம் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க பாப்பாவக் குளிப்பாட்டிட்டு மெதுவா வாங்கக்கா" என்பாள். அதைப் பார்த்து மேனேஜர், "என்னா சுறுசுறுப்பு!" என்று பூரித்துப்போவார். இந்தப் பாழாய்ப்போன நல்ல குணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புருஷனிடம் சொல்லி அழுதால், "நல்ல பொண்ணாத்தானே தெரியுது" என்றான். அன்றைக்கு அவன் முன்னால் தட்டு விழுந்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம், உதிரி பாகங்கள் வைக்கும் அறையில் டயர்களுக்கு நடுவே கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் பால் பீய்ச்சி பாட்டிலில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போர்டில் சிட்டு அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை சார்ட். ஒரு பார்வைதான் பார்த்தாள். சனிக்கிழமை கடைசி வண்டியை ஓட்டிவிட்டு நடுச்சாமத்துக்கு இறங்குகிற மீசைக்காரருக்கே ஞாயிறு காலை நாலரை மணி முதல் வண்டியும் போட்டிருந்தது. எட்டு மணி நேரம் ஓய்வில்லாத டிரைவர் கையில் வண்டி கொடுக்கக் கூடாது. இந்த வேலையில் அது அரிச்சுவடி.

"சிட்டு, இங்க வா" என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மேனேஜரும் அந்தப் பெண்ணும் எதற்கோ சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. வந்ததை விழுங்கிவிட்டாள். மாட்டட்டுமே! நான் எதுக்குச் சொல்லணும்? சனிக்கிழமை பூராவும் அவளுக்கு இருந்த குஷியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளையைக் கொஞ்சிய கொஞ்சலில் அது பயந்து அழுதது.

மீசைக்காரர் சனிக்கிழமை ராத்திரி கடைசி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்துதான் சார்ட்டையே பார்த்தாராம். "முடியாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நியாயம்தானே? முதல் வண்டியை நம்பி நின்ற ஆஸ்பத்திரி நர்சுகள் பதினாலு பேர் முக்கால் மணி நேரம் இருட்டில் நின்றார்கள். புகார் மேலிடம் வரைக்கும் போயிற்று.

திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். சார்ட்டை மேஜைமேல் போட்டார். போட்டுவிட்டு யாரைப் பார்த்தார் என்கிறீர்கள்? சார்ட் அக்காவை!

"கைக்குழந்தைய விட்டுட்டு வந்தா கவனம் இங்க இருக்காதும்மா, எனக்கும் புரியுது. ஆனா இப்படிச் சார்ட் போட்டா உங்கள நான் எப்படி வச்சுக்கிறது?"

யார் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. 'நான் இல்ல, அவதான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"சார், அது நான் போட்டது" என்றாள் சிட்டு. "சனிக்கிழமை சார்ட்டப் பாக்காமலே போட்டுட்டேன். அக்காவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மேலிடத்துக்கு ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். சாயங்காலத்துக்குள் மேனேஜர் சிட்டுவின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

நாற்காலி கிடைத்துவிட்டது. எரிச்சல் அடங்கியதா? அதுதான் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தாள். மாட்டேன் என்று சட்டென்று பதில் வந்தது. வேலை போய்ப் போகிறவளைப் பார்த்து, அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

சிட்டு தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஏங்க்கா, வெள்ளிக்கிழமை நீங்க அந்தச் சார்ட்டப் பாக்கலையா?"

"இல்லம்மா. பாக்கல."

"அதானே! பாத்திருந்தா சொல்லாம இருந்திருப்பீங்களா நீங்க" என்று சிரித்துவிட்டு, அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.