அடுக்களைச் சுவரில் இருந்த மலை

மலை வலது பக்கம் இருந்தது. கோளாறு அதுதான்.

செல்லக்கனி எதிர்பார்த்து வந்த மலை இடது பக்கம் இருக்கும். அடியில் ஏரி. ஏரிக்கரையில் சிவப்பு ஓட்டு வீடு, வாசலில் ஒரு பெஞ்சு, தண்ணீரில் ஒற்றை அன்னம். எல்லாவற்றையும் அந்த நாட்டுக்காரர்கள் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. விமானத்திலிருந்து இறங்கியதும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, என்ன எதிர்பார்த்து வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்கள். சொன்னதை வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதுதான் இது என்று மனசுக்குப் பட்டால் கதவு திறக்கும். படாவிட்டால் பெஞ்சில் உட்காரவேண்டியதுதான்.

அவள் புருஷன் தவசிலிங்கத்துக்குக் கதவு உடனே திறந்துவிட்டது. சிவகாசியில் காலண்டர் அச்சடித்து ஓய்ந்தவர். வெளிநாட்டை லட்சக்கணக்கில் அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றியிருக்கிறார். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

"என்ன எதிர்பார்த்து வந்தீக?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வீட்ல ஆசைப்பட்டா. கூட வந்தேன்."

கதவுக்கு அந்தப்பக்கம் விட்டார்கள். அங்கே ஒன்றுமில்லை. தரை வெள்ளை, மேலே வெள்ளை, மெஷினில் ஏற்றாத தாள் மாதிரி. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் பேசுவதற்கு ஓர் ஓட்டை இருந்தது, டிக்கெட் கவுன்டரில் இருக்குமே அந்த மாதிரி. ஓட்டைக்கு அந்தப்பக்கம் செல்லக்கனி.

அதிகாரி செம்பட்டை முடிக்காரர். சாத்தூர்ப் பக்கத்துத் தமிழ் பேசினார். செல்லக்கனி அப்படித்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"மலை இந்தப்பக்கம் இல்லீங்க" என்றாள் அவள்.

"பேசாம இதுதான்னு சொல்லு. சொல்லிட்டு வந்து சேரு" என்றார் தவசிலிங்கம் ஓட்டை வழியாக.

அவளும் சொல்லிப் பார்த்தாள். "இதுதான்." கதவு அசையவில்லை. வாயால் சொல்வதற்கெல்லாம் திறக்கிற கதவு இல்லை அது.

பெஞ்சில் பழைய ஆட்கள் நிறையப்பேர் இருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தூசியே இல்லாத நாட்டை எதிர்பார்த்து வந்தவர். அவருக்காகத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். துடைக்கிறவர்கள் நடக்க நடக்கத் தூசி விழுந்தது. பக்கத்தில் ஒரு புதுமாப்பிள்ளை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரித்துக் கைகாட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். ஆள் போதவில்லையாம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெஞ்சிலேயே மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

"நீங்க எதுக்கு உக்காந்திருக்கீக?" என்று செல்லக்கனி அவரைக் கேட்டாள்.

"மழை பேஞ்சா நனையாதுன்னு நெனச்சு வந்துட்டேம்மா" என்றார் பெரியவர். "நீ?"

"மலை மாறிப்போச்சு."

"அது சரி பண்ணிருவாக. சாயங்கால மணிக்குள்ள பாத்துக்க."

சாயங்காலம் மணி அடிக்கும். அடித்தால், பெஞ்சில் மிச்சமிருப்பவர்களில் தோதானவர்களை வேறு யாருடைய எதிர்பார்ப்பிலாவது சேர்த்துவிடுவார்கள். ஆளை வீணாக்கக்கூடாதில்லையா. திண்டுக்கல் தலைமையாசிரியர் ஒருவர் இப்போது யாரோ ஒருவருடைய மலைரயிலுக்குக் கொடி காட்டுகிறார். நன்றாகக் காட்டுகிறார் என்று கேள்வி. திரும்பிப் போன தகவல் இல்லை.

அதைக் கேட்டதும் தவசிலிங்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளை. அவள் வராவிட்டால் இவருக்கு இதுதான்.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டில் நல்ல காலண்டர் தொங்காது. சிவகாசியில் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அச்சுப் பிசகிய கழிவுத் தாளைத்தான் அட்டையில் ஒட்டி மாட்டியிருப்பார்கள். செல்லக்கனி அடுப்புக்கு மேலே மாட்டியதும் கழிவுதான். தேதிக்கட்டு தீர்ந்தால் புதுக்கட்டை அதே அட்டையில் ஆணியடித்துக்கொள்வாள். படத்தை மாற்றவிடமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு வாசல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் குழம்பு கொதித்தது. "அந்த வாசல்ல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சாப் போதும்" என்பாள். வேறு எதுவும் கேட்டதில்லை.

"ஐயா" என்று அதிகாரியைக் கூப்பிட்டார். "அந்தப் படத்துல நெகட்டிவை மறுபக்கமா ஒட்டிட்டான். மலை மட்டுமில்ல, எல்லாமே மாறி இருக்கும்."

"அப்படி வெவரமாச் சொன்னாத்தான தெரியும்" என்றார் அதிகாரி.

மலையைத் திருப்பினார்கள். மலையைத் திருப்புவது பெரிய வேலையில்லை. ஏரியைச் சிந்தாமல் திருப்பவேண்டும், அதுதான் நேரம். அன்னம் தானாகவே திரும்பிக்கொண்டது.

செல்லக்கனி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

"ஓட்டுச் சிவப்பு இப்படி அடங்கி இருக்காதுங்க" என்றாள்.

இருக்காதுதான். கழிவுத் தாளில் சிவப்பு விலகியிருக்கும். கூரையைத் தாண்டி ஒரு விரல்கடை வானத்தில் ஏறி நிற்கும். ஏணி கொண்டுவந்து, கூரைக்குப் பக்கத்து வானத்தில் சிவப்பு அடித்தார்கள். இடது ஓரத்தில் கூரைக்குக் கொஞ்சம் சிவப்புக் குறைந்திருக்கும். அந்த ஓரத்தைத் தவசிலிங்கம் ஓட்டை வழியாகச் சொல்லிச் சொல்லிச் சுரண்டவைத்தார்.

வெயில் சாய்ந்தது. ஓர் அலுவலகப் பெண் வந்து செல்லக்கனி தலையில் பூப்போட்ட துணி ஒன்றைக் கட்டினாள்.

"என்னத்துக்குங்க இது?"

"அளவு பார்க்கத்தான்" என்றாள் அந்தப் பெண். யாரோ ஒரு தம்பதி, ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கிழவி புறாக்களுக்கு ரொட்டி பிய்த்துப் போடுவதாக எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். கிழவி மட்டும் இன்னும் அமையவில்லை.

"துணி அமைஞ்சு போச்சே" என்றார் பெஞ்சுப் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் செல்லக்கனி. ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை. மடியில் ஒரு ரொட்டியும் வந்து உட்கார்ந்தது. சும்மா இருக்கிற கை. ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தது.

"ஏ புள்ள, அதைக் கீழ வை" என்றார் தவசிலிங்கம்.

"வச்சுட்டேன்" என்றாள். வைக்கவில்லை.

"பதட்டப்படாம யோசி. அடுப்பு முன்னால நிக்கிற. தலையைத் தூக்குற. என்ன இருக்கு?"

"மலை இருக்கு. வீடு இருக்கு. அன்னம்." கண்ணை மூடிக்கொண்டாள். "அதுக்குக் கீழ தேதி இருக்கு."

அதை யாரும் நினைக்கவில்லை. அதிகாரி ஆள் அனுப்பினார். ஏரிக்குக் கீழே, புல்வெளி முடிகிற இடத்தில், தேதிக்கட்டைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ராகுகாலம், எமகண்டம், சூலம், பரிகாரம் வெல்லம், எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்று வெள்ளிதான்.

கதவு ஒரு மயிரிழை நகர்ந்தது. நின்றுவிட்டது.

"வியாழன்" என்றாள் செல்லக்கனி சின்னக் குரலில். "கெளம்புற அவசரத்துல நான் தாளைக் கிழிக்கல. அங்க வியாழன்தான் நிக்குது."

அதிகாரி தாடையைச் சொறிந்தார். வியாழனை இங்கே வைக்கமுடியாது. நாடு முழுவதும் வெள்ளி. அவளிடமும் வெள்ளியைக் கொடுக்கமுடியாது. அவள் அடுக்களையில் வியாழன். அங்கே கிழித்தால்தான் இங்கே திறக்கும். போனை மேசையிலிருந்து நகர்த்தி ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து, ரிசீவரைத் தவசிலிங்கத்திடம் நீட்டினார்.

வீட்டுச் சாவி எதிர்வீட்டு முத்துப்பேச்சியிடம் இருந்தது. அந்தியில் விளக்கேற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாள் கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டுத் தேதியை யாரும் தானாகக் கிழிக்கமாட்டார்கள். அது மரியாதையில்லை.

"யாரு, அண்ணாச்சியா?" என்றாள் முத்துப்பேச்சி. பின்னால் கிரைண்டர் ஓடியது. "போய்ச் சேந்தாச்சா? மதினி எங்க? பனி பேயுதாமே, காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ எங்க வீட்டுக்குப் போயி அடுப்புக்கு மேல தேதியக் கிழி."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"நல்லா இருக்கே. வெள்ளிக்கிழமை அதுவுமா, வெளக்கு வச்ச வீட்டுல எதையாவது கிழிப்பாகளா? லச்சுமி போயிருவா. வெடியட்டும், கிழிக்கேன்."

மணியடிக்கிற ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தான். செல்லக்கனி மடியில் ரொட்டி பாதி தீர்ந்திருந்தது. புறாக்கள் இரண்டு மூன்று எங்கிருந்தோ வந்து பெஞ்சுக்கடியில் நின்றன. அவள் அவற்றைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒருவர் எதிர்பார்த்த சிரிப்பு அது. தவசிலிங்கம் அவளிடம் அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை.

"செல்லக்கனி" என்றார்.

அவள் திரும்ப நேரமானது.

அவர் போனை இறுக்கிப் பிடித்தார். "இந்தா முத்துப்பேச்சி. எங்க வீட்டுல இன்னும் தாள் கிழிக்கலைல்ல?"

"இல்ல."

"அப்ப எங்க வீட்டுல இன்னிக்கு என்ன கிழமை?"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"வியாழன்" என்றாள் முத்துப்பேச்சி.

"வியாழக்கிழமை கிழிக்கலாமா?"

"அதுக்கென்ன, தாராளமா. வாரேன், கை கழுவிட்டு."

"கழுவாத. அப்படியே ஓடு."

ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டு திறந்தது. அடுக்களை லைட்டுப் போட்டாள்; ஏரியின்மேல் வெளிச்சம் விழுந்தது. மணியடிக்கிற ஆள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினான்.

வானத்திலிருந்து கை இறங்கியது. பச்சைக் கண்ணாடி வளையல், முழங்கை வரை மாவு. ஏணியில் நின்றவர்கள் தலையைக் குனிந்து வழிவிட்டார்கள். கை நேராகப் புல்வெளி ஓரத்துக்கு வந்தது. தேதித் தாளின் ஓரத்தை நகத்தால் நெருடி, வெள்ளிக்கு மேலே நின்ற வியாழனை ஒரே இழுப்பில் கிழித்தது. திரும்பிப் போகும்போது பிடிமானத்துக்கு மலையைத் தொட்டுக்கொண்டது.

கதவு திறந்தது.

செல்லக்கனி தலைத்துணியை அவிழ்த்துப் பெஞ்சுப் பெரியவரிடம் கொடுத்தாள். ரொட்டியையும் கொடுத்தாள். அவர் கட்டிக்கொண்டார். புறாக்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மணி அடித்தது.

அவள் வெளியே வந்ததும் தவசிலிங்கத்தின் வெள்ளையில் மலை வந்தது. ஏரி வந்தது. பையைக் கீழே வைத்தார். இருவரும் சிவப்பு ஓட்டு வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரோ காப்பி கொண்டுவந்தார்கள். வானத்தில் சிவப்பு ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

"தண்ணிக் காப்பி" என்றாள் செல்லக்கனி.

"குடி" என்றார்.

மலையுச்சியில் அதுவரை இல்லாத வெள்ளை இருந்தது. கொஞ்சம் வடிந்து, கொஞ்சம் நுரைத்து. பிறகு வந்த பயணிகள் எல்லாரும் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். விடிந்தால் புளித்துப் பொங்கி அடிவாரம் வரை வந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் பாத்திரத்தோடு போய் வழித்துக்கொள்கிறார்கள். அந்த மாவை ஆட்டியது, சிவகாசியில் எதிர்வீட்டு முத்துப்பேச்சி.