பெரிய அரண்மனையும் ஒரு சாண் கட்டிலும்

கட்டில் ஒரு சாண் கூடுதல் நீளமாக இருந்தது; சுவர்களுக்கு நடுவே நுழையவில்லை. ஏன் என்று மலர்க்கொடிக்குப் புரியவில்லை. இரண்டு சுவர்களுக்கும் நடுவே அவளே கைகளை விரித்து அளந்து, சரியாக ஒரு பாகம் என்று சொல்லியிருந்தாள். படகுகளுக்கு வெல்டிங் வைக்கும் கொழுந்தன் வல்லரசும் ஒரு பாகத்துக்குத்தான் இரும்புக் குழாயை வெட்டியிருந்தான்.

வெளியே மழை வலுத்துவிட்டது. சடையங்குப்பத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டு வராது. ஆடியில் விசைப்படகில் வலையை இழுக்கும் வின்ச் கயிறு அவள் கணவன் வெற்றியின் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. அவன் தரையில் பாய் போட்டுக் கிடந்தான். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அவனால் எழுந்திருக்க முடியாது. அதற்காகத்தான் இந்த இடுப்புயரக் கட்டில்.

"இன்னா அண்ணி, நேத்துக்கு இன்னிக்கு வூட்ட சுருக்கிட்டியா?" என்றான் வல்லரசு.

"உன் வாய்க்குதான்டா மொதல்ல வெல்டிங் வெக்கணும்."

வெற்றி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். உலகத்துப் பெரிய அரண்மனைகளைப் பற்றி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவும் பேஜாராதான் கீது. ஒருத்தன் பீஜிங் அரண்மனதான் பெருசுன்றான். இன்னொருத்தன் புருனே சுல்தானோடதுன்றான். ரெண்டு பேரும் புளுகல. அவன் மதிலுக்குள்ள கீற முற்றத்தயெல்லாம் சேத்துகினான். இவன் கூரைக்குக் கீழ கீற தரைய மட்டும் கணக்குல எடுத்துகினான். அளக்கறதே வேற வேற..."

சட்டென்று நிறுத்தினான். "டேய், கைய விரி. மலரு, நீயும் விரி."

இருவரும் சுவரோரம் கைகளை விரித்து நின்றார்கள். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை ஒரு பாகம். கடலுக்குப் போகிறவர்கள் கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள். அளப்பவரே வெட்டுவதால் பிழை வராது. இங்கே அளந்தது மலர்க்கொடி, வெட்டியது வல்லரசு. அவனுடைய பாகம் அவளுடையதைவிட ஒரு சாண் அதிகம்.

"அப்ப வெட்டிட வேண்டிதானே," என்றான் வல்லரசு.

"வாணாம். ஆறடி ஆளுடா அது. கால நீட்ட வேணாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வல்லரசு சுவரைப் பார்த்தான். வாசற்படியைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எந்தக் கால?" என்றான் வெற்றி. "கரன்ட் போறதுக்குள்ள மிஷின எடுடா."

கட்டிலின் கால்மாட்டில் ஒரு சாண் அறுத்து, குறுக்குக் குழாயை மறுபடி பற்றவைத்தார்கள். கட்டில் சுவரோடு சுவராகப் பொருந்தியது. வெற்றியைத் தூக்கி அதன்மேல் கிடத்தினார்கள். இடம் போதுமானதாக இருந்தது.