தாடைக்குக் கீழே ஒரு கோடு

என் கணவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்குவதற்குள் வண்டிக்குள் ஒரு கதை ஓடி முடிந்துவிடும். காலையில் குறுக்கே வந்த நாய் மாலைக்குள் சிறுத்தையாகிவிடும். வண்டியில் அவருக்குப் பெயரே ரீல் அண்ணன். அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். வெட்கமாவது, மானமாவது.

வெளியாட்கள் சிரித்தால் அவருக்கு உறைக்காது. மகள் விஷயம் வேறு. சின்ன வயதில் அவர் கதையை வாய் பிளந்து கேட்டவள், பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அடியோடு மாறிவிட்டாள். சாப்பிடும்போது அவர் “இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தால் போதும், இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வாள். அவர் மீதிக் கதையை என் பக்கம் திருப்பிவிடுவார். எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் கதை இன்னும் நீளும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“செங்கல் சூளைக்குப் பின்னாடி உழுது போட்ட நிலம் இருக்குல்ல? அது முழுக்கப் பறவை! இந்த ஊர்ல நான் பார்த்ததே இல்ல. மண்ணு நிறம். பறந்தா வால் ரெண்டாப் பிளந்து தெரியுது. தாடைக்குக் கீழ ஹெல்மெட் வார் போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு, இந்தக் கண்ணுலேர்ந்து அந்தக் கண்ணு வரைக்கும். மூக்கோரம் செக்கச்செவேல்னு இருக்கு. முந்நூறாவது இருக்கும்.”

“ஹெல்மெட் போட்ட பறவையா? லைசென்ஸ் வச்சிருந்துச்சாப்பா?” என்றாள் மகள். கை இயர்போனுக்குப் போனது.

“இல்லம்மா, இது நிஜம்” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எந்தக் கதைக்கும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சிறுத்தைக்குக்கூடச் சொன்னதில்லை. மகள் அதற்குள் காதை அடைத்துக்கொண்டுவிட்டாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, “இவளுக்குக் காட்டணும்” என்று முணுமுணுத்தார்.

எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. மருந்துக் கடைக்கு மேலே, ஒடுக்கமான படிக்கட்டில் ஏறி வரவேண்டும். படம் எடுப்பது நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வது என் தம்பி. பரு, மச்சம், கருவளையம், கன்னத்தில் விழுந்த முடி என்று எதுவும் அவன் கையிலிருந்து தப்ப முடியாது. ஒருமுறை ஒரு தாத்தாவை அவர் மகனுக்கே தம்பியாக்கி அனுப்பிவிட்டான். திட்டினால், “ஜனங்க சந்தோஷமாத்தானே போறாங்கக்கா” என்பான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். இவர் ஸ்டுடியோவிலிருந்த நீள லென்ஸ் கேமராவை எடுத்துக்கொண்டு போய், உழவு மண்ணில் குப்புறப் படுத்து, ஒரு பொழுது முழுக்கப் படமெடுத்திருக்கிறார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கார்டைத் தம்பியிடம் கொடுத்து, “நல்லதா ஒண்ணு எடுத்து என் போனுக்கு அனுப்புடா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்த படத்தைக் கண்ணாடிகூடப் போடாமல் அப்படியே ஒரு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா நடத்தும் குழு அது. பறவை பார்க்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். படத்தோடு ஹெல்மெட் வார், சிவந்த மூக்கு, முந்நூறு என்று எல்லாவற்றையும் பேசியும் அனுப்பியிருந்தார்.

டாக்டரம்மா மரியாதையாகத்தான் பதில் போட்டார். ‘நீங்கள் சொல்லும் கோடும் சிவப்பும் இருந்தால் இந்தப் பக்கம் அபூர்வமாக வரும் பறவை. ஆனால் படத்தில் இரண்டுமே இல்லையே. வெறும் பழுப்பாக இருக்கிறது. ஏதாவது குஞ்சாக இருக்கலாம்.’ மற்றவர்களுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ‘ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு போஸ் கொடுத்திருக்கிறது’ என்று ஒருவர் போட, சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன.

மகள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “கோடு எங்கப்பா?” என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருப்பாள்போல. அதனால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பறவை மொழுமொழுவென்று, பளிங்கு மாதிரிக் கழுத்தோடு நின்றுகொண்டிருந்தது. “நான் பார்த்தேனே” என்றார். பிறகு என்னிடம் மட்டும் ரகசியமாக, “ஏம்மா, ஒருவேளை கோட்டை நானாப் போட்டுக்கிட்டேனோ? சொல்லிச் சொல்லி எனக்கே எது நிஜம்னு தெரியாமப் போயிடுச்சோ?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் கதை நின்றுபோனது. அமைதி வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! வந்த அமைதி சகிக்கவில்லை. சாப்பிட்டோம், கை கழுவினோம், எழுந்தோம். மகள் பழக்கதோஷத்தில் இயர்போனை எடுத்து, அடைக்க எதுவும் இல்லாமல் மறுபடி கீழே வைத்தாள். வண்டியிலும் இவர் வாயைத் திறப்பதில்லையாம். சூளைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். “அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று வழியில் இருவர் என்னைக் கேட்டுவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தையல்கடை அம்மா எங்கள் படிக்கட்டைக் கிடுகிடுக்க வைத்துக்கொண்டு ஏறி வந்தார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தை மேஜைமேல் போட்டார்.

“என் தழும்பு எங்க?”

தம்பி விழித்தான். “அழகாத்தானே இருக்கீங்க?”

“அழகா இருக்கேன்டா தம்பி, ஆனா அது நான் இல்லையே! தாடைல தழும்புன்னுதான் அடையாளம் எழுதிக் குடுத்திருக்கேன். இந்தப் படத்தைக் காட்டினா அந்தம்மா எங்கேன்னு என்னையே கேப்பாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. தாடை. அடையாளம்.

“டேய், மாமா குடுத்த பறவைப் படத்தை என்ன பண்ணினே?”

“என்னக்கா, வழக்கம்போலத்தான். சுத்தம் பண்ணி அனுப்பினேன்.”

“என்னத்தைச் சுத்தம் பண்ணினே?”

அவன் மேலே பார்த்து யோசித்தான். “கழுத்துல ஏதோ முடி ஒட்டின மாதிரி கோடு கிடந்துச்சு. சளி பிடிச்ச மாதிரி மூக்கும் சிவந்திருந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டேன். ஏன், நல்லா வரலையா?”

கையில் பறவை மட்டும் இருந்திருந்தால் அதைக்கொண்டே அவனை அடித்திருப்பேன். அவனுக்குப் பறவை என்ன, மனிதன் என்ன? கழுத்துக்கு மேலே எது இருந்தாலும் அவன் கை தானாகப் போய்விடும். தையல்கடை அம்மாதான் ஒன்றும் புரியாமல், “பறவைக்கும் பாஸ்போர்ட்டா?” என்றார்.

கார்டைப் பிடுங்கிச் செருகினேன். திரை முழுக்க உழவு மண். அதன்மேல் ஒரு பறவை நின்று என்னை முறைத்தது. கண்ணிலிருந்து இறங்கித் தொண்டையைச் சுற்றி அடுத்த கண்ணுக்கு ஏறும் கறுப்புக் கோடு. அச்சாக ஹெல்மெட் வார். அலகோரம் மிளகாய்ச் சிவப்பு. இந்த மனிதர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் படத்தை அப்படியே டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன், மறு நிமிடம் போனிலேயே கூப்பிட்டார். “நான் சொன்ன அபூர்வப் பறவைதான், பிராட்டின்கோல்ங்க இது! வடக்க போற வழியில இறங்கி இளைப்பாறுது. எந்த நேரமும் கிளம்பிடும். நாளைக் காலையில கூட்டிட்டுப் போக முடியுமா?”

காலையில் டாக்டரம்மாவின் ஜீப்பில் கிளம்பினோம். தம்பி செய்த வேலையைச் சொன்ன பிறகும் இவர் வரவே மாட்டேன் என்றார். “போய் நின்னா ஒண்ணுகூட இருக்காது. மறுபடி நான் முழிக்கணும்” என்றார். மகள்தான் அவர் சட்டையை எடுத்துக்கொடுத்தாள்.

சூளையைத் தாண்டி இறங்கினோம். நிலம் வெறும் மண்கட்டியாகக் கிடந்தது. ஒரு அசைவு இல்லை. அவர் முகம் செத்துப்போய்விட்டது. மகள் நாலு எட்டு முன்னால் வைத்தாள், அவ்வளவுதான், மண்கட்டிகளில் பல எழுந்து பறந்தன. பிளந்த வால்கள், கூரான இறக்கைகள், கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளி மறுபடி மண்ணாகிவிட்டன. டாக்டரம்மா பைனாகுலரை இறக்கவே இல்லை. கடைசியில் அதை மகளிடம் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“கோடு இருக்குப்பா” என்றாள்.

டாக்டரம்மா போனில் குறிப்பு எழுத ஆரம்பித்தார். “இப்ப அறுபது, எழுபது இருக்கும். மீதி கிளம்பிடுச்சுபோல. முதல் நாள் பார்த்தது நீங்கதான். அன்னைக்குச் சரியா எத்தனை இருந்துச்சு?”

இவர் என்னைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை சிரிப்புக்கு ஆளாக அவருக்குத் தெம்பில்லை. “அது… ஒரு நூறு இருக்கும். நூறுகூட வேண்டாம், குறைச்சே போட்டுக்குங்க” என்றார்.

“முந்நூறு” என்றாள் மகள், பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீயும் அன்னைக்குப் பார்த்தியா?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல. அப்பா பார்த்தாரு. முந்நூறுன்னு சொன்னாரு. அப்படியே எழுதுங்க.”

டாக்டரம்மா எழுதினார். இவர் எங்கோ தூரத்தில் எதையோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி ஜீப்பில் பாதி வழி வந்திருப்போம். முன்சீட்டிலிருந்து ஒரு செருமல் கேட்டது. “அன்னைக்குப் பாருங்க டாக்டர், அதுல ஒண்ணு நேரா என் பஸ் கண்ணாடி மேல வந்து உக்காந்து, என்னையே உத்துப் பார்த்துச்சு…”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மகளின் கை வழக்கம்போல இயர்போனுக்குப் போனது. எடுத்தாள், சுருட்டினாள், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“அப்புறம்?” என்றாள்.