முக்கால் இஞ்ச் பித்தளை ஸ்குரு

சித்தூரில் சுந்தர்ராஜ் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. பெயர்தான் பட்டறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். பஸ் டிப்போவில் நாளெல்லாம் தச்சு வேலை செய்துவிட்டு வந்து, இங்கேயும் மரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதரைச் சபையார் தங்கமானவர் என்றார்கள். மனைவி யூனிஸ் கிறுக்கு என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே, அவர் கண்டபடி கொட்டி வைக்கிற ஆணி, ஸ்குரு, வாஷர் எல்லாவற்றையும் முறத்தில் போட்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிப் பிரிப்பாள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளைப் பலகையின் அடியில் அறைந்து, பாட்டில்களை அதில் திருகித் தொங்கவிட்டது அவள் யோசனைதான். பவுடர் டப்பா ஒவ்வொன்றின் கழுத்திலும், உள்ளே இருப்பதில் ஒன்றைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

சபையில் யார் இறந்தாலும் சவப்பெட்டி செய்து கொடுப்பது சுந்தர்ராஜ். கூலி வாங்க மாட்டார். பெரியவர்கள் பெட்டியை மூட ஒன்றரை இஞ்ச் பித்தளை ஸ்குரு எட்டு வேண்டும். அது எப்போதும் தனி டப்பாவில் தயாராக இருக்கும். குழந்தைப் பெட்டிக்கு முக்கால் இஞ்ச், ஆறு. அந்த மெல்லிய பலகைக்கு நீளமானது போட்டால் பிளந்துவிடும், குட்டையானது பிடிக்காது.

அந்த அளவு ஸ்குரு மட்டும் வீட்டில் இருக்கவே கூடாது என்பது யூனிஸின் சட்டம். அவர்களுடைய தலைப்பிள்ளை பதினொரு மாதத்தில் போனபோது, அது பட்டறையில் தயாராக இருந்தது. "வாங்கி வச்சா தேடிக்கினு வரும்" என்று அன்றைக்குச் சொன்னவள்தான். சகுனம் பார்க்கிறவர்களை ஜெபக்கூட்டத்தில் கிழிகிழியென்று கிழிப்பாள். இந்த ஒன்றில் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சுந்தர்ராஜ் தேவைப்படும் அன்றுதான் கடைக்கு ஓடினார்.

1974இல் பக்கத்து ஊரான கங்காதர நெல்லூரில் ஒரு குழந்தை ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனது. கடைகள் மூடிக் கிடந்தன. வேறு வழியில்லாமல் ஆணி அடித்துப் பெட்டியை மூடினார். ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்குள்ளே இருந்த தாய் அலறினாள். அந்த அலறல் வாரக்கணக்கில் அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஆறு முக்கால் இஞ்ச் ஸ்குரு வாங்கி, காகிதத்தில் மடித்து, பழைய வாஷர் டப்பாவின் அடியில் ஒளித்து வைத்தார். மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்த காரியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த வருஷம் மகள் ஜெயசீலி திருப்பதியிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பேரப்பிள்ளைக்கென்று சுந்தர்ராஜ் மரத்தொட்டில் செய்தார். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் தொட்டிலில் கிடந்தான். அப்புறம் காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். ஞாயிறு விடியற்காலை போய்விட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அவர்களுக்கும் என்ன பகையோ தெரியவில்லை.

பெட்டியை அவரேதான் செய்தார். அளவு தவறி ஒரு பலகையை இரண்டு முறை அறுக்க வேண்டியிருந்தது. முடித்துவிட்டு வாஷர் டப்பாவைக் கவிழ்த்தார். காகிதம் விழுந்தது, ஸ்குரு இல்லை.

வாசலில் யூனிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"தேடாதீங்க. தொட்டில்ல இருக்குது."

அவருக்குப் புரியவில்லை.

"வாஷர் பிரிக்கும்போது பாத்துட்டேன். தூக்கிப் போடவும் பயமா இருந்திச்சி. சாவுக்கு வாங்குனத ஒரு பொறப்புக்குப் போட்டுட்டா தீந்துபூடும்னு நெனச்சேன். நீங்க டிப்போவுக்குப் போனப்போ, அடிப்பலகையில ஆணியப் புடுங்கிட்டு அத்த திருகி வச்சேன். என் கையால கொழந்தைக்கு அடியில வச்சிட்டேங்க."

"வாங்குனது நானு" என்றார் சுந்தர்ராஜ்.

காய்ச்சலுக்கும் ஸ்குருவுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

"ஆணியே அடிச்சிடுங்க" என்றாள் அவள்.

ஜெயசீலி படுத்திருந்தது கூடத்தை ஒட்டிய அறை, அதன் ஜன்னல் பட்டறையைப் பார்த்துத்தான் இருந்தது. எங்கே ஆணி அடித்தாலும் அவளுக்குக் கேட்கும். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

இரண்டு பேருமாகத் தொட்டிலைத் தூக்கி வந்து கவிழ்த்தார்கள். ஐந்து ஸ்குரு வந்துவிட்டன. ஆறாவது வழுக்கிக்கொண்டே இருந்தது. யூனிஸ் அவர் கையிலிருந்து திருப்புளியை வாங்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் வைத்துத் திருகினாள். ஸ்குரு கழன்றதும், பலகை கீழே விழுந்து சத்தம் போடாதபடி மடியில் வாங்கிக்கொண்டாள்.

தகவல் போய், கிடைத்த முதல் பஸ்ஸில் மருமகன் வந்தார். போதகர் வந்தார். ஜெயசீலி குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள், கொடுத்ததும் மயங்கிவிட்டாள். கமலம்மா என்கிற பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்தாள். கூடத்தில் ஜெபம் முடிந்தது. சுந்தர்ராஜ் மண்டியிட்டு ஆறு ஸ்குருவையும் முடுக்கினார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இந்த ஒன்றையாவது மகளுக்குச் செய்ய முடிந்ததே என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது அறைக்குள்ளிருந்து ஜெயசீலியின் குரல் கேட்டது.

"நைனா, இன்னும் மூடல இல்ல? ஆணி அடிக்கிற சத்தமே கேக்கல. அதுக்குள்ள இன்னொரு தரம் எடுத்துக்கினு வாங்க நைனா, மொகத்தப் பாத்துக்கிறேன்."

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். யூனிஸ் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். சுந்தர்ராஜ் மறுபடி மண்டியிட்டு, முடுக்கிய ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.