பெற்றோர் கையொப்பம்

…காரணத்தைத் தெளிவா எழுது என்றுதானே காலேஜிலிருந்து செந்தாமரை மேடம் போனில் சொன்னார், தெளிவான காரணம்தான், அப்பா செத்துப்போனார், அதனால் இன்டர்னல் பரீட்சைக்கு வரவில்லை, இதைவிடத் தெளிவாக யாருக்கு இருக்கும், ஆனால் விழுப்புரத்தில் பஸ் ஏறினதிலிருந்து கலைப்பிரியாவுக்குக் கை வரமாட்டேன் என்கிறது. மடியில் ரெக்கார்டு நோட்டு, அதன்மேல் வெள்ளைத்தாள், ‘ரெஸ்பெக்டட் மேடம்’ வரைக்கும் ஆயிற்று, விக்கிரவாண்டி டோல்கேட்டும் வந்தாயிற்று. ஒரு பேப்பரில் மொத்தம் முப்பத்தெட்டு, பாசுக்கு நாற்பது, ரெண்டே மார்க்கில் டிகிரி தொங்குகிறது, இன்டர்னலை மறுபடி வைத்தால் அந்த ரெண்டு வந்துவிடும், பி.எட். சேரலாம், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க வீட்டில் கிடக்க வேண்டியதுதான். மேடம் நல்லவர். “லெட்டர் கொண்டாம்மா, நான் பேசறேன், உன் பழைய லீவ் லெட்டருங்க ஃபைல்ல இருக்கும், அதையும் சேத்து வெச்சி பிரின்சிபாலுக்கு அனுப்பறேன்,” என்றார். பழைய லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாவம் அவருக்குத் தெரியாது.

அதிலும் அப்பா செத்துப்போயிருக்கிறார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே… கூடப் படித்த ரோஜாவின் அக்கா கல்யாணம், மரக்காணத்தில், மூணு நாள் கடலும் கும்மாளமுமாய் இருக்கலாம் என்று ஆசை, காய்ச்சல் என்று எழுதினால் டாக்டர் சீட்டு கேட்பார்கள், பாட்டி என்று எழுதலாம் என்றால் ரெண்டு பாட்டியையும் முதல் வருஷத்திலேயே கொன்றாயிற்று. “அப்பான்னு எழுதுடி, ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க,” என்று ரோஜாதான் வாட்சப்பில் யாரோ சீனியர் இங்கிலீஷில் எழுதின லெட்டரை அனுப்பினாள், பேரை மாற்றி, தேதியை மாற்றி, மற்றபடி ஒரு வரி விடாமல் இவள் காப்பி அடித்தாள், கடைசியில் இருந்த ‘பெற்றோர் கையொப்பம்’ உட்பட. என்ன புத்திசாலித்தனம். அம்மா வல்லத்துக்கு மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தாள், வீட்டில் இருந்தது அப்பா ஒருத்தர்தான், அவர் செத்த சேதிக்கு அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள் பெண். காலேஜிலும் யார் படித்தார்கள், இன்சார்ஜ் சார் கட்டோடு வாங்கிக் கையெழுத்தைக் கிறுக்கி ஃபைலில் போட்டுவிட்டார், அவளும் ரோஜாவும் கேன்டீனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன பங்குனியில் அப்பாவை நிஜமாகவே தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, எழுதினது பலித்துவிட்டதா, எந்த நேரத்தில் எழுதித் தொலைத்தோமோ… அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பின்சீட்டில் யாரோ இருமுகிறார்கள், ரெண்டு இருமலும் ஒரு செருமலும், அப்பாவுக்கு அப்படித்தான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தப்பா என்று மாற்றிவிடலாமா, ஒரே ஆள் ரெண்டு தடவை செத்தால்தானே பிரின்சிபால் கேட்பார்… ஆனால் பையில் இருக்கிற இறப்புச் சர்டிபிகேட்டில் மாசிலாமணி என்று அப்பா பேர்தான் இருக்கிறது, அதுவும் போக, இன்னொருத்தரைக் கொல்ல மனசு வரவில்லை. கூட்டேரிப்பட்டு, மயிலம் போறவங்கல்லாம் எறங்கு என்று கண்டக்டர் கத்தினார், பஸ் நின்ற நேரத்தில் எழுதினால்தான் எழுத்து குதிக்காது, எழுதிவிட்டாள், என் தகப்பனாரின் மரணத்தால் என்று இங்கிலீஷில், வருவது வரட்டும். மூணாவது வரியில், பழைய லெட்டரில் இருந்த மாதிரியே, டெத் என்ற வார்த்தையை எழுதி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினவர், வார்டிலிருந்து காகிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர், ஒருநாள் சோறு தின்றுகொண்டே பெருமையாகச் சொன்னாரே, “மத்த எழுத்துலாம் எனுக்கு எதுக்குமா, டெத்துன்னு போட்டிருந்தா ஆபீசுக்கு, இல்லன்னா லேபுக்கு, அந்த ஒண்ண மட்டும் பாத்தாலே தெரிஞ்சிக்குவேன்.” அது எப்போது சொன்னார், ரோஜா அக்கா கல்யாணத்துக்கு அப்புறமா, இல்லை, இவள் பிளஸ் டூ படிக்கும்போதே சொன்னார், அப்படியென்றால்…

பஸ் கிளம்பிவிட்டது. கையெழுத்து வாங்கின அன்றைக்கு அப்பா காக்கிச் சட்டையோடு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “இன்னா லெட்டருமா?” “டூருப்பா, மரக்காணம், காலேஜ்ல கூட்டினு போறாங்க, ஜல்தி போடு, பஸ்ஸு போயிரும்.” தாளை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார், விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார், நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது, கையெழுத்துப் போட இடம் தேடுகிறார் என்று நினைத்தாள். “இதுல போட்டா உன் வேல முடிஞ்சிடுமா?” “முடிஞ்சிடும்பா.” ஒவ்வொரு எழுத்தாக மாசிலாமணி என்று போட்டார், மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், வாசலுக்குப் போய்த் திரும்பி, “கடல்ல எறங்காதம்மா,” என்றார், அதற்கப்புறம் அந்த லெட்டரைப் பற்றிச் சாகிறவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திண்டிவனம் வந்துவிட்டது, எல்லாரும் இறங்குகிறார்கள், பின்சீட்டில் இருமினவரும் இறங்கிப் போயிருப்பார், கண்டக்டர் அவளைப் பார்த்து எறங்கலியாம்மா என்கிறார், கையெழுத்துப் போடுகிற இடம் கீழே, கடைசியில்தானே இருந்தது, அப்பாவின் விரல் எதற்கு மூணாவது வரியிலேயே நின்றது…