ரோட்டில் கிடந்த தோட்டம்

தம்பி டிரெய்லரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் பால்காரர் நொண்டியபடி வந்து சேர்ந்தார். உடம்பின் ஒரு பாதி துக்க வீட்டுக்கு ஏற்ற மாதிரி சுத்தமாக இருந்தது. மறு பாதியில் தோளிலிருந்து கணுக்கால் வரை சேறு. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"அந்த வளைவுல வண்டி வழுக்கி விட்டுருச்சு தம்பி. எவனோ ஒரு புண்ணியவான் தோட்டத்தையே தூக்கிட்டு வந்து ரோட்டுல போட்டு வச்சிருக்கான். நல்லவேளை, கேன் காலி."

தம்பிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் ஊருக்கெல்லாம், அவரைவிடச் சின்னவர்களுக்கும்கூட, அவர் தம்பிதான். அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். கையில் நாற்காலியோடு மெதுவாகத் திரும்பித் தன் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தார். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த வயலிலிருந்து நேராக நாற்காலி வாடகைக் கடைக்கும், அங்கிருந்து நேராக இங்கேயும் வந்த சக்கரம். வயலில் அப்பிய ஈர மண்ணில் பாதிதான் மிச்சமிருந்தது. மீதிப் பாதி எங்கே உதிர்ந்தது என்பதைப் பால்காரரின் சட்டையே சொல்லிற்று.

வாசலில் நின்றிருந்த அத்தானும் அதே சக்கரத்தைத்தான் பார்த்தார். தையல்காரர், துணியைப் போலவே பேச்சையும் அளந்து வெட்டுகிறவர். நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிய அக்கா எழுந்திருக்கவே இல்லை. அப்போதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, இன்னிக்குமா?" என்றார்.

அவ்வளவுதான். பால்காரர் முதலில் விழித்தார்; பிறகு விஷயம் புரிந்து அவரும் சிரித்தார்; சிரித்ததில் முழங்கை வலித்து "அம்மா" என்றார். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஊரில் பாதிப் பேர் அவள் வேனில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள். கிழங்கு தோண்டும் காலம் வந்தால் தம்பிக்கு விடிந்ததும் போன் வரும். நலமா என்றெல்லாம் கேட்கமாட்டாள். "டேய், உன் வயல்ல கொஞ்சத்த ரோட்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்ட. வந்து எடுத்துட்டுப் போ" என்பாள். "மழை பேஞ்சா தானா கரைஞ்சிடும் அக்கா" என்பார் இவர். "மழை பேஞ்சாத்தான்டா அது சோப்பு" என்று போனை வைத்துவிடுவாள். எதிர்த்தோட்டக்காரருக்கும் அதே மரியாதைதான். ரகசியத்தையும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுவதால் அவருக்கு மைக் என்று பெயர். அக்காவின் போன் வந்தால் மட்டும் முணுமுணுப்பார்.

போன அறுவடையில் ஒருநாள் பனியில், அந்த வளைவில் வேன் வழுக்கி, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. பிள்ளைகள் கைதட்டி, "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினார்களாம். அக்கா இதைச் சொல்லும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பியும்தான். அவள் சிரித்தாளா என்று அவருக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை.

நாற்காலியைக் கீழே வைத்தார். கொல்லைப்புறம் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

"டேய், கூடப் பொறந்தவ உள்ள கெடக்குறா. மண்வெட்டியத் தூக்கிட்டு எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் சித்தி.

"அக்கா வேலையாத்தான் போறேன் சித்தி."

வளைவில் மைக் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். சலவைச் சட்டை, பளபளக்கும் செருப்பு. ரோட்டில் கட்டி கட்டியாகக் கிடந்ததை, தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துக்கத்துக்கு வர்ற ஜனம் எப்படிப்பா வரும்? உன் மண்ண அள்ளக் கூடாதா?"

"என் மண்ணாண்ணே? என்னோடது செவப்பு. இது கறுப்பு."

"நல்லாப் பாரு. மேல செவப்பா இருக்கு."

"கீழ?"

"கீழ இருக்கறது போன வாரத்து மண்ணு. அத விடு."

மண் இரண்டும் சக்கரங்களில் அரைபட்டு, மழையில் குழைந்து, காப்பி நிறத்தில் ரோட்டை மெழுகியிருந்தது. மைக் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்து, "இங்க பாரு, உன் கிழங்கு!" என்று உள்ளேயிருந்த சுண்டைக்காய் அளவுக் கிழங்கைச் சாட்சியாக நீட்டினார். "நீங்க மட்டும் என்ன கத்தரிக்காயா போடுறீங்க? உங்க கிழங்காவும் இருக்கலாம்" என்றார் தம்பி.

அப்போதுதான் கார் வந்தது.

வேகமாகக்கூட வரவில்லை. வளைவில் திரும்பியதும் நடுரோட்டில் இரண்டு ஆட்களைக் கண்டு பிரேக் பிடித்தது. பிடித்தும் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், பனிக்கட்டியில் தள்ளிவிட்ட மாதிரி பக்கவாட்டாக நழுவி வந்தது. தம்பி மைக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் ஓரப் புல்லில் விழுந்தார்கள். மைக் நின்றிருந்த இடத்துக்கு வந்த பிறகே கார் நின்றது. அவருடைய செருப்பு ஒன்று முன்சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தது இளம்பெண். பின்சீட்டில் அவள் வயதுக்காரர்கள் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணாடியை இறக்கினாள். மறு கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"வேன் அக்கா வீட்டுக்கு... இப்படித்தானே போகணும்?" என்றாள்.

"ஆமாம்மா. இப்படித்தான்" என்றார் தம்பி.

மைக் எழுந்து உட்கார்ந்தார். கையில் இன்னும் அந்தக் கிழங்கு இருந்தது. வாய்க்காலில் எறிந்தார். "தம்பி" என்று ஆரம்பித்தார், அக்காவின் போன் இல்லாமலேயே முதல்முறையாக மெதுவான குரலில். பிறகு, "எனக்கு ஒரு மண்வெட்டி குடு" என்றார்.

இருந்தது ஒன்றுதான். அதைத் தம்பி அவரிடம் கொடுத்துவிட்டு, கையாலேயே கட்டிகளைப் பொறுக்கி வயலுக்குள் வீசினார். காரிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் வளைவுக்கு முன்னால் போய் நின்று, வருகிற வண்டிகளுக்குத் துப்பட்டாவை ஆட்டினாள். மைக்குக்குத் திடீரென்று உற்சாகம் பிறந்தது. "தண்ணி ஊத்திக் கழுவுனாத்தான் போகும். இருங்க, நான் போய் டிராக்டர்ல டேங்க மாட்டி..."

"டிராக்டர் வேணாம்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வாய்க்காலிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றினார்கள். அக்காவின் பெட்டியை ஏற்றிப்போக வந்த அமரர் ஊர்தி பின்னால் வந்து நின்று, விளக்குகளை மினுக்கவிட்டு ரோட்டை மறித்துக்கொண்டது. அதன் ஓட்டுநர் இறங்கி, தன் துடைப்பத்தோடு வந்தார். "எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன்" என்றார். "எனக்காக ரோட்டக் கழுவி வச்ச ஊரு இதுதான்."

"உங்களுக்காக இல்லங்க" என்றார் தம்பி.

எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது தம்பியும் மைக்கும் தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில் இருந்தார்கள். யார் மண் யார்மேல் என்று பிரிக்க முடியாது. அத்தான் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய், கடையில் தைத்து மாட்டியிருந்த சட்டைகளில் இரண்டை எடுத்துவந்தார்.

மைக்குக்கு வயிற்றுப் பொத்தான் எட்டவில்லை. "இது யாரு சட்டை?"

"பேங்க் மேனேஜரோடது. பெருமூச்சு விட்டுடாதீங்க. சாயங்காலம் டெலிவரி."

பெட்டிக்குப் பக்கத்தில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது. சித்திகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வந்தது. ஊர்தி புறப்பட்டது. அத்தான் முன்சீட்டில் உட்கார்ந்தார். வளைவு வரும்போது, பின்னால் நடந்துகொண்டிருந்த தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஊர்தி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை மிச்சக் கிழங்கைத் தோண்டியாக வேண்டும். ஈரத்தில் விட்டால் அழுகிவிடும். முதல் லோடு நிரம்பியதும் தம்பி டிராக்டரை வயல் வாசலுக்கு ஓட்டிவந்தார். ரோட்டில் ஏறுவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒரு கம்பியை எடுத்து, சக்கரத்தின் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்ட ஆரம்பித்தார். எதிர் வாசலில் மைக்கின் டிராக்டரும் அணைந்து நின்றது. அவரும் குனிந்திருந்தார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட வேன் வந்தது. புதிய ஓட்டுநர். உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேன் தன் பாட்டுக்கு வளைவில் திரும்பிப் போனது. இவர்கள் பக்கம் யாரும் பார்க்கவில்லை.